அடுத்த வீட்டுக்குக் கேட்கும்

(மன்னவனூரில் வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மர்மக் கதைகள் படிக்கிறவள் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். உண்மைதான். அதிலும் நான் தேடிப் படிப்பது ஒரு தனி வகை. அதில் துப்பறிவாளர் பெரும்பாலும் இருக்கமாட்டார். இருந்தாலும் தாமதமாகத்தான் வருவார். ஒரு வீடு இருக்கும். கணவன், மனைவி, கூடவே ஒரு மாமியாரோ நாத்தனாரோ வேலைக்கு நிற்கும் பெண்ணோ இருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நல்ல குடும்பம். உள்ளே இருக்கும் ஒருத்திக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று படும். அவளுக்குப் படுவது நிஜமா, அவள் மனம் தடுமாறுகிறதா என்ற கேள்வியிலேயே கதை முழுக்க நடக்கும். சைக்கலாஜிக்கல் த்ரில்லர், டொமெஸ்டிக் சஸ்பென்ஸ் என்று ஆங்கிலப் புத்தகக் கடைகளில் இவற்றுக்குத் தனி அலமாரியே உண்டு.

வீட்டுக்குள் தனக்கு நடப்பதை ஒருத்தி வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? இந்தக் கதைகளின் அடிவேர் அந்தக் கேள்விதான். கொலை செய்தது யார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அவள் சொல்லுக்குக் கடைசிவரை மதிப்புக் கொடுக்கிற கதையை நான் நல்ல கதை என்பேன். வாசகரைத் திடுக்கிட வைப்பதற்காக அவளைக் கைவிடுகிற கதை எவ்வளவு விறுவிறுப்பாக ஓடினாலும் எனக்கு உடன்பாடில்லை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் இன்று பேசப்போகிறேன்.

இது மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று நினைப்பவர்கள் பழையனூர் நீலி கதையை மறந்துவிட்டார்கள். திருவாலங்காட்டுப் பக்கத்துக் கதை. பல வடிவங்களில் வழங்குகிறது. கணவன் கையால் செத்த பெண் ஒருத்தி. பிறகு அவளே பேயாகி, குழந்தையும் கையுமாக அவன் முன்னே வந்து நிற்கிறாள். இவன் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறான் என்று வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் அழுகிறாள். இவள் பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறாள் என்று அவன் கதறுகிறான். உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி, சபை அவனை அவளோடு ஒரு வீட்டில் தங்கவைக்கிறது. விடிந்தபோது அவன் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

மூடிய கதவு, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்குமூலங்கள், கண்ணுக்குத் தெரிவதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் பெரியவர்கள் என்று இந்த வகை நாவலுக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. பெண்ணை நம்பியதால் வந்த கேடு என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வேறு விதமாகத்தான் தெரிகிறது. அவள் உயிரோடு இருந்தபோது அவளுக்கு நேர்ந்ததை விசாரிக்க எந்தச் சபையும் கூடவில்லை. செத்துத் திரும்பி வந்த பிறகுதான் எழுபது பேர் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்டார்கள்.

அச்சுக்கு வருவோம். 1908இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்தது. துப்பறியும் கோவிந்தன் அதில் வருகிறார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அந்தக் காலத்து வாசகர்களைத் தூங்கவிடாதவர்கள். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார். அவற்றில் மர்மமும் குடும்பமும் சேர்ந்தே நடக்கும். ஆனால் வீட்டுக்குள் பயம் எப்படிக் குடியேறுகிறது என்பதை எனக்குக் காட்டியது புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. 1943இல் வந்த சிறுகதை. எழுத்தாளன் ஒருவனின் மனைவி, வாசலுக்கு வந்த பிச்சைக்காரப் பெண்ணுக்கு இரங்கி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதன் பிறகு இரவுகளில் அவன் மூக்கில் மயான வாடை ஏறுகிறது. வந்தவள் யார்? மனைவிக்கு ஆபத்தா? அல்லது கதை கட்டியே பிழைக்கும் அவன் மூளை கட்டிய இன்னொரு கதையா இது? புதுமைப்பித்தன் பதில் சொல்லவில்லை. அந்தத் துணிச்சல் பெரியது. வேலைக்கு வந்த பெண்ணும் பூட்டிய அறையும் வைத்து ஃப்ரீடா மக்ஃபேடன் 2022இல் எழுதிய ‘தி ஹவுஸ்மெய்ட்’ உலகமெங்கும் விற்றது. விறுவிறுப்பான நாவல்தான். ஆனால் காஞ்சனையைப் படித்த பிறகு அந்த வீட்டுக் கதவைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கவில்லை.

அடுத்து நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது ‘புதிய பறவை’. 1964இல் வந்தது, உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். நாவல் அல்ல, படம்தான். ஆனாலும் தமிழ்நாட்டில் இந்த வகைக் கதையை ஜனங்களுக்குப் பழக்கியது அதுதான். சிவாஜியின் கோபால் ஊட்டியில் பெரிய மாளிகையில் இருக்கிறார். லதாவை மணக்கப்போகும் நேரத்தில், செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மனைவி சித்ரா வாசலில் வந்து நிற்கிறாள். இவள் என் மனைவி இல்லை, அவள் செத்துவிட்டாள் என்று கோபால் கத்துகிறார், யாரும் நம்பவில்லை. வழக்கமாகப் பெண்ணுக்கு நேர்வது ஆணுக்கு நேர்கிறது. கடைசியில் அது போலீஸ் விரித்த வலை, லதாவே போலீஸ் என்று தெரிகிறது. கோபால் ஒப்புக்கொள்கிறார்: நான் அறைந்தேன், பலவீனமான இதயம், செத்துவிட்டாள், உடலைத் தண்டவாளத்தில் போட்டேன்.

சிவாஜியின் நடிப்பில் நாமெல்லாம் கரைந்துபோகிறோம். நானும் ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன். அழுது முடித்த பிறகு ஒன்றை யோசித்துப் பாருங்கள். சித்ரா குடித்தாள், ஊரைக் கூட்டிக் கூத்தடித்தாள், மாமனார் மனமுடைந்து போகக் காரணமானாள் என்று எல்லாவற்றையும் நமக்குச் சொன்னது யார்? கோபால். கொன்றவரின் வாய்மொழி ஒன்றுதான் செத்தவளைப் பற்றி நம்மிடம் இருக்கும் சாட்சியம். சித்ராவுக்குத் தன் தரப்பைச் சொல்ல ஒரு காட்சிகூடத் தரப்படவில்லை. சௌகார் ஜானகி அந்த வேடத்தில் அப்படி உயிர்ப்போடு இருக்கிறார். இருந்தும் அவள் சாவுக்காக நாம் வருந்துவதில்லை. கோபாலுக்கு விலங்கு மாட்டப்படுவதற்குத்தான் வருந்துகிறோம்.

தாஃப்னே து மோரியே 1938இல் எழுதிய ‘ரெபெக்கா’விலும் இதேதான். மாண்டர்லி மாளிகை, செத்துப்போன முதல் மனைவி, பெயர்கூடச் சொல்லப்படாத இரண்டாம் மனைவி. ரெபெக்கா கெட்டவள், நான்தான் சுட்டேன் என்று கணவன் மேக்ஸிம் சொல்கிறான். அதைக் கேட்ட இளம் மனைவிக்கு வருவது நிம்மதி: என் கணவர் அவளை நேசிக்கவே இல்லை! நாவலில் அவன் சுட்டதை ஹிட்ச்காக் 1940இல் படமெடுத்தபோது விபத்தாக மாற்றினார். தடுக்கி விழுந்து செத்தாள் என்றார்கள். புதிய பறவையிலும் ஓர் அறை, ஒரு பலவீனமான இதயம். கணவன் கையிலிருக்கும் ரத்தத்தைக் கழுவிவிடுவதில் இரண்டு படங்களும் ஒன்று. ரெபெக்காவை மகத்தான நாவல் என்றே இன்றும் சொல்வேன். அந்த இளம் மனைவியின் நிம்மதியைப் படிக்கும்போது நமக்குள் ஒரு குளிர் ஓடுகிறதே, அது து மோரியே தெரிந்தே வைத்தது என்று நம்புகிறேன். அவள் கெட்டுப்போவதை அவளுக்கே தெரியாமல் நமக்குக் காட்டுகிறார்.

அதே 1938இல் லண்டனில் பேட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ் லைட்’ நாடகம் மேடையேறியது. கணவன் திருட்டுத்தனமாக மேல்தளத்துக்குப் போய் விளக்கேற்றித் தேடும்போதெல்லாம் கீழே மனைவியின் அறை விளக்கு மங்குகிறது. விளக்கு மங்குகிறதே என்கிறாள். உனக்குப் புத்தி பேதலிக்கிறது என்கிறான். பொருள்களை ஒளித்துவைத்துவிட்டு நீதான் தொலைத்தாய் என்கிறான். கொஞ்ச நாளில் தன் கண்ணையே அவள் சந்தேகிக்கிறாள். 1944இல் இதைப் படமாக எடுத்தபோது இங்க்ரிட் பெர்க்மன் ஆஸ்கர் வாங்கினார். 2015இல் பௌலா ஹாக்கின்ஸ் எழுதிய ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்’ இதன் நேர் வாரிசு. ரேச்சல் குடிக்கிறவள், குடித்த இரவுகள் அவளுக்கு நினைவில்லை. அந்த வெற்றிடத்தில் நீ என்னை அடித்தாய், நீ ரகளை செய்தாய் என்று கணவன் பொய்களை நிரப்பிவிடுகிறான், அவளும் நம்புகிறாள். அவள் நம்மிடம் எதையும் வேண்டுமென்று மறைக்கவில்லை, அவளுக்கே தெரியாது. கதை சொல்பவள் தனக்குத் தெரிந்ததைக் காரணமே இல்லாமல் முந்நூறு பக்கத்துக்கு ஒளித்துவைத்துவிட்டுக் கடைசியில் எடுத்து நீட்டும் நாவல்களை நான் மன்னிப்பதில்லை. ரேச்சலின் கதையில் அந்தக் கள்ளத்தனம் கிடையாது.

இப்படி மனத்தை நொறுக்குவதும் வன்முறைதான் என்று நம் சட்டம் சொல்ல வெகுகாலம் ஆயிற்று. 2005இல் நிறைவேறிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அடி உதையோடு சொல்லாலும் உணர்வாலும் வதைப்பது, கையில் காசில்லாமல் முடக்குவது எல்லாம் அதில் வன்முறை என்று எழுதப்பட்டிருக்கின்றன. ஹாமில்டன் மேடையில் காட்டியதற்கும் இதற்கும் இடையே 67 ஆண்டுகள்.

தமிழில் இந்த வகையின் உச்சம் எது என்று கேட்டால் தயங்காமல் சுஜாதாவின் ‘காயத்ரி’ என்பேன். கல்யாணமாகி வந்த சின்னப் பெண். வீட்டில் கணவனும் அவன் அக்காவும். அந்த வீட்டில் ஏதோ சரியில்லை. காயத்ரிக்குக் கடைசியில் தெரியவருவது, தன் படுக்கையறையில் நடப்பதைக் கணவனே ரகசியமாகப் படம்பிடித்து விற்கிறான் என்பது. அவளைக் காப்பாற்ற வக்கீல்கள் கணேஷும் வசந்தும் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. 1977இல் ரஜினி, ஸ்ரீதேவி, ஜெய்சங்கர் நடித்துப் படமாகவும் வந்தது. பேய் காரணமில்லை, பைத்தியம் காரணமில்லை. வியாபாரம் ஒன்றுதான் காரணம். அந்தக் கணவனுக்கு இளமையில் பட்ட துயரம் என்று எதையும் சொல்லி சுஜாதா அவனைக் காப்பாற்றவில்லை. பெண்ணை அவள் அறியாமல் ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி என்ற தனிப் பிரிவாகச் சேர்ந்தது 2013இல். அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தில் அது 77ஆம் பிரிவு. கைக்குள் கேமரா இருக்கும் இந்தக் காலத்தில் காயத்ரியைப் படிக்கும் இளம்பெண்கள் அதைப் பழைய கதை என்று சொல்லவே முடியாது.

காயத்ரி படமாக வந்ததற்கு அடுத்த ஆண்டு பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ படம் வந்தது. புது மனைவி, வசதியான வீடு, திறக்கக்கூடாத அறை. ஸ்ரீதேவி அந்த அறைக்குள் போய்க் கணவனின் கதையைத் தெரிந்துகொள்ளும் கட்டம் இன்றும் கையை நடுங்க வைக்கும். ஆனால் அங்கே தெரியவருவது என்ன? சிறு வயதில் பெண்களால் அவன் பட்ட துன்பம். 1980இல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’, ராஜேந்திரகுமாரின் நாவலைத் தழுவியது. அதிலும் கொலைகாரனுக்கு இளவயதுக் காயம். படமாக்கிய நேர்த்தியை நான் குறை சொல்லவில்லை. மூடுபனி போல அமைதியாகப் பயமுறுத்தும் படம் தமிழில் குறைவு. காரணம் தேடும் இடம்தான் எனக்கு ஒப்பவில்லை. கொன்றவன் மனநோயாளி என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடுகிறது. அவனை அப்படி நடக்கவிட்ட வீடு, கண்டும் காணாமல் இருந்த உறவு, பணம், அதிகாரம் எதையும் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கோபம்தான் வருகிறது. மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் துன்புறுத்தப்படுவதே அதிகம் என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். நம் கதைகளோ கடைசி அத்தியாயத்தில் திரும்பத் திரும்ப அவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. இதைப் படித்துவிட்டுத்தான் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மனச்சோர்வு என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறோம். எழுதுகிறவர்கள் இங்கே இருந்தால் கைகூப்பிக் கேட்கிறேன்: மனநோயைத் திருப்பமாக வைக்காதீர்கள்.

மாத நாவல்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றிகெட்டவள் ஆவேன். பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய க்ரைம் நாவல், பாக்கெட் நாவல், மாலைமதி இவையெல்லாம் இல்லாவிட்டால் என் தலைமுறைப் பெண்களில் பாதிப் பேருக்கு வாசிப்புப் பழக்கமே வந்திருக்காது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா மூவரும் (சுபா என்பதே இரண்டு பேர், அதனால் நால்வர்) எங்களைப் படிக்க வைத்தவர்கள். இரண்டு தனித்தனிக் கதைகளை மாற்றி மாற்றி ஓடவிட்டுக் கடைசியில் முடிச்சுப்போடும் ராஜேஷ்குமாரின் கைத்திறன் சாமானியமானதல்ல. குறை என்று பார்த்தால் பக்க அளவு. அவருடைய துப்பறிவாளர் விவேக் வந்து மூன்று பக்கத்தில் விளக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரு மனைவி எத்தனை வருஷம் எதைச் சகித்தாள் என்பதற்கு ஒரு பத்திதான் மிஞ்சும்.

கில்லியன் ஃப்ளின்னின் ‘கான் கேர்ள்’ (2012) பற்றிக் கேட்பீர்கள். மனைவி ஏமி தன் கணவனைச் சிக்கவைக்கப் போலியாக ஒரு டைரி எழுதிவைத்துவிட்டு மறைகிறாள். எழுத்தில் கெட்டிக்காரத்தனமான நாவல்; பாதியில் வரும் திருப்பத்தில் நானும் புத்தகத்தை மூடிவைத்து எழுந்து நடந்தேன். கெட்ட பெண்ணை எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை; ஏமிக்கு முழு மனசும் முழு மூளையும் கொடுத்து எழுதியிருக்கிறார் ஃப்ளின். அதற்குப் பின்னால் வந்தவர்கள் அந்த மனசை விட்டுவிட்டு, பொய் சொல்லும் மனைவி என்ற அச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடிபட்டேன் என்று ஒரு பெண் சொன்னால் முதலில் சந்தேகப்படு என்று அந்த நாவல்கள் வாசகரைப் பழக்குகின்றன. அந்தப் பழக்கத்தை நம் ஊர்களுக்குக் கற்றுத்தர யாரும் தேவையில்லை. ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

இதற்கு மாற்று மருந்தாக நான் கொடுப்பது அம்பையின் ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’. மும்பையில் துப்பறியும் சுதா குப்தா என்ற பெண்ணின் கதைகள். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. வந்தவர் சொல்வதை உட்கார்ந்து கேட்பதுதான் சுதாவின் வேலையில் பெரும்பகுதி. குடும்பங்கள் தமக்குள் பூட்டிவைத்திருப்பதை அவள் மெதுவாகத் திறக்கிறாள்.

கடைசியாக நம் மலை. கோபாலின் மாளிகை ஊட்டியில். மூடுபனியில் கொலைகாரன் ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டுபோய் வைப்பதும் ஊட்டியில். ‘குணா’ (1991) நம் கொடைக்கானல் குகையில். டெவில்ஸ் கிச்சன் என்றிருந்த இடத்தை இன்று எல்லோரும் குணா குகை என்கிறார்கள். அந்தப் படத்தில், கடத்திவந்து அடைத்தவனையே பெண் நேசிக்கத் தொடங்குவதை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. மலை என்றால் பனிமூட்டம், ஆளில்லாத பங்களா, கத்தினாலும் யாருக்கும் கேட்காத இடம் என்று கீழே இருந்து வருகிறவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். இங்கே வாழ்கிறவர்கள் அந்தக் கதைகளில் வாட்ச்மேனாக, சமையல்காரராக, இரண்டு காட்சி வந்து போவார்கள்.

கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்த ஊரைப் பாருங்கள். ஏரியும் புல்வெளியும் செம்மறி ஆராய்ச்சி மையமும் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு இது தனிமை. நமக்கோ வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்று. இங்கே ராத்திரி ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஒருத்தி அழுதாலும் கேட்கும். விடிந்ததும் அதே நாலு வீட்டுக்காரர்களும் அவளோடு சேர்ந்து பூண்டுக் காட்டுக்கும் உருளைக்கிழங்குக் காட்டுக்கும் போவார்கள். வரிசையில் குனிந்து வேலை செய்வார்கள். கன்னத்தில் என்ன காயம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்; கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்பாள், அதை ஏற்றுக்கொள்வார்கள். யாருக்கும் கேட்காத பங்களாவின் கதையை உலகம் முழுக்க எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் கேட்டும் ஒருவரும் வாய் திறக்காத தெருவின் கதையைத் தமிழில் இந்த வகையில் யாராவது முழு நாவலாக எழுத வேண்டும் என்பது என் பெரிய ஆசை. அதில் கொலையாளி யார் என்று தேட வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். யார் முதலில் சொல்லப்போகிறார்கள் என்ற ஒன்றுக்காகவே வாசகர் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்.

பள்ளி விட்டதும் நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அந்த நாவலை எழுதக்கூடியவர்கள் நீங்கள்தான். கீழே இருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்காது. காஞ்சனையைப் படியுங்கள், காயத்ரியைப் படியுங்கள், அம்பையைப் படியுங்கள். நூலகத்தில் இல்லையென்றால் விடாமல் கேட்டு வரவழையுங்கள். பிறகு உங்கள் தெருவை எழுதுங்கள். பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், ஊரைக்கூட மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி அத்தியாயத்தில் அவள் சொன்னதெல்லாம் பொய் என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். எழுதி முடித்தால் எனக்கும் ஒரு பிரதி கொடுங்கள். படித்துவிட்டு என் கருத்தைக் கட்டாயம் சொல்வேன்.